எமிரேட்ஸ் ஏன் ஏ350-1000 வாங்கவில்லை: என்ஜின் பக்கத்திலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஏர்பஸ்ஸின் ஏ350-1000 நல்ல விமானம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், கத்தார் ஓட்டுகிறது, கேத்தே பசிபிக் ஓட்டுகிறது, பக்கத்து வீட்டு எமிரேட்ஸ் மட்டும் என்ஜினைக் காரணம் காட்டி ஒதுங்குகிறது, என்ஜின்தான் பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனி என்ஜினை மாட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? கூடவே, பயணியாக நாம் பயப்பட வேண்டுமா என்று ஒரு வரி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது "வேறு என்ஜின் மாட்டினால் என்ன" என்ற பாதி. அது புரிந்துவிட்டால் எமிரேட்ஸ் கதை தானாகப் புரியும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அதற்கேற்ப எடை போட்டுக்கொள்ளுங்கள். இருபது வருடத்துக்கு மேல் என்ஜின் பராமரிப்பில் இருந்தவன், அதில் பெரும்பகுதி வளைகுடாவில். விமானம் வாங்கும் மேஜையில் நான் உட்கார்ந்ததில்லை. அந்த மேஜைக்குப் போகும் கணக்குக்கு எங்கள் பக்கத்து எண்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒப்பந்த விலைகள் எந்தக் காலத்திலும் வெளியே வராது, செய்தியில் வருவதெல்லாம் யாரும் கொடுக்காத பட்டியல் விலை. அதனால் விலையைப் பற்றி நான் சொல்வதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு விமானம் ஒரே பொருள். வாங்குபவருக்கு அது இரண்டு கொள்முதல். உடம்பை ஏர்பஸ்ஸிடமோ போயிங்கிடமோ பேச வேண்டும், என்ஜினை அதைச் செய்பவரிடம் தனியாகப் பேச வேண்டும், அதற்குத் தனி ஒப்பந்தம், தனித் தள்ளுபடி, தனிச் சண்டை. இதில் வேடிக்கை என்னவென்றால், என்ஜின் கம்பெனிக்கு என்ஜின் விற்பதில் பெரிதாக லாபம் கிடையாது, பல சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். வீட்டில் ஆர்ஓ மெஷின் வாங்கியவர்களுக்கு இது தெரிந்த வியாபாரம்தான். மெஷின் தள்ளுபடியில் வந்துவிடும், அப்புறம் வருஷா வருஷம் ஏஎம்சி, ஃபில்டர், மெம்பிரேன் என்று கறந்துகொண்டே இருப்பார்கள். என்ஜினும் அப்படித்தான். அடுத்த இருபது இருபத்தைந்து வருடத்துக்கு உதிரிபாகம், ஷாப்புக்கு (என்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை) போகும் செலவு, எல்லாம் அதே கம்பெனி கையில். இப்போது பெரும்பாலும் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவிடுகிறார்கள், ரோல்ஸ் ராய்ஸ் அதை டோட்டல்கேர் என்று விற்கிறது. யோசனை பழசு, 1962இலேயே பிரிட்டிஷ் கம்பெனியான பிரிஸ்டல் சிட்லி தன் வைப்பர் என்ஜினுக்கு இப்படி மணிக்கணக்கில் வாங்க ஆரம்பித்தது, அப்புறம் அந்தக் கம்பெனியே ரோல்ஸ் ராய்ஸுக்குள் போய்விட்டது. மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் என்ஜின் சீக்கிரம் தேய்ந்தால் நஷ்டம் செய்தவருக்கு. எனவே என்ஜின் எத்தனை நாள் தாங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தால் மணிக்கான விலையை ஏற்றிச் சொல்வார். பேரம் முறிகிற இடம் பெரும்பாலும் அங்கேதான்.

தேய்வது என்றால் என்ன என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரவு இரண்டு மணி, விமானம் காலை ஏழுக்குக் கிளம்ப வேண்டும். என்ஜின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி போரோஸ்கோப்பை உள்ளே விடுவோம், டாக்டர் எண்டோஸ்கோப்பி பார்ப்பது மாதிரிதான். ஒருவர் உள்சுழலியை கியர்பாக்ஸ் வழியாக மெதுவாகச் சுழற்றிக்கொண்டே எண்ணுவார், இன்னொருவர் திரையைப் பார்ப்பார். உயரழுத்த டர்பைனில் அறுபது எழுபது பிளேடு, ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். பறக்கும்போது அதைச் சுற்றி ஓடும் வாயுவின் சூடு அந்த உலோகம் உருகும் சூட்டை விட அதிகம். பிளேடின் உடம்பில் ஊசித்துளை மாதிரி வரிசையாகத் துளைகள் இருக்கும், அதன் வழியாக வரும் காற்றும் மேலே பூசிய பீங்கான் பூச்சும்தான் அதைக் காப்பாற்றுகின்றன. வளைகுடாவில் காற்றிலேயே மாவு மாதிரி மணல். அது உள்ளே போய் அந்தச் சூட்டில் உருகிக் கண்ணாடி மாதிரிப் படியும், துளைகளை அடைக்கும், பூச்சை உரிக்கும். திரையில் பார்த்தால் பால் காய்ச்சி அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருக்கும். உரிந்த இடத்தை அளந்து புத்தகத்தோடு ஒப்பிடுவோம். எல்லைக்குள் இருந்தால் இத்தனை சைக்கிளுக்குள் மறுபடி பார் என்று இருக்கும் (ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தால் ஒரு சைக்கிள்), எல்லை தாண்டினால் என்ஜினைக் கழற்று. கழற்றினால் மாட்ட ஸ்பேர் வேண்டும். ஸ்பேர் இல்லையென்றால் முந்நூற்றுச் சொச்சம் சீட் உள்ள விமானம் ஓரமாக நிற்கும், அதற்கு வாடகையோ வட்டியோ ஓடிக்கொண்டே இருக்கும். நான் இருந்த இடத்தில் ஒரு சமயம் ஷாப்புக்குப் போன என்ஜின் பல மாதம் வரவேயில்லை, ஹேங்கருக்கு வெளியே என்ஜின் இல்லாத இறக்கைக்கு உறை போட்டுக் கட்டி வைத்திருந்தோம். அதை நிதித்துறைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். எந்த என்ஜின் என்பது இங்கே வேண்டாம்.

இப்போது ஏ350. இதற்கு ஒரே என்ஜின், ரோல்ஸ் ராய்ஸ் ட்ரெண்ட் எக்ஸ்டபிள்யூபி. ஏ350-900க்கு வருவது 84,000 பவுண்டு தள்ளுவிசை உள்ளது, பெரிய 1000க்கு வருவது 97,000. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் முன்னால் இருக்கும் விசிறியின் அகலம் ஒன்றேதான், 118 அங்குலம். அதே அகலத்தில் இவ்வளவு கூடுதல் விசை எங்கிருந்து வரும்? விசிறியை இன்னும் வேகமாகச் சுழற்றி, உள்ளே மையப்பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதை அதிகச் சூட்டில் ஓட்டித்தான். அதிகச் சூடு என்றால் மேலே சொன்ன பிளேடு கதை இன்னும் சீக்கிரம் நடக்கும். குளிர்ந்த ஊரிலிருந்து கிளம்பும் கம்பெனிக்கு இது சமாளிக்கக்கூடியது. ஆகஸ்டில் துபாயில் முழு எடையோடு கிளம்புபவருக்கு அப்படியில்லை.

2023 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் இதைப் பத்திரிகையாளர்கள் முன்னால் வெளிப்படையாகவே சொன்னார், அந்த என்ஜின் போதுமான காலம் தாங்காது, குறையுள்ளது என்று. ரோல்ஸ் ராய்ஸ் அதை மறுத்தது. எல்லாரும் எதிர்பார்த்த 1000 ஆர்டர் வரவில்லை, பதிலாக 15 ஏ350-900 கூடுதலாக வாங்கினார்கள். அதே கண்காட்சியில் போயிங் 777எக்ஸ் 90 ஆர்டர் செய்தார்கள், 2025 கண்காட்சியில் இன்னும் 65. இவ்வளவும் பதிவில் இருப்பது. இதிலிருந்து நான் எடுப்பது: அவர்களுக்கு ரோல்ஸ் ராய்ஸ் என்ற கம்பெனி மேல் வெறுப்பு எதுவும் இல்லை, இருந்தால் அதே கம்பெனியின் 84,000 பவுண்டு என்ஜின் போட்ட 900ஐ மேலும் மேலும் வாங்கமாட்டார்கள். குறிப்பாக அந்த ஒரு மாடல், அந்த ஒரு ஊர் வெயில், மணல், அதற்குக் கேட்கப்பட்ட மணிக்கான விலை, இதுதான் பிரச்சினை. அவர் பேசியதில் எவ்வளவு பொறியியல், எவ்வளவு பேரம்? என்னைக் கேட்டால் இரண்டும் கலந்தது, ஆனால் பொறியியல் பாதி உண்மை. கிளார்க் மேடையில் பேரம் பேசக்கூடியவர் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியானால் ஏன் இன்னொரு என்ஜின் இல்லை? ஒரு காலத்தில் இருந்தது. 1990களில் வந்த முதல் 777க்கு மூன்று கம்பெனியும் என்ஜின் கொடுத்தன, ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்), பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ் ராய்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1991இல் உள்ளூர் ரோல்ஸை விட்டு ஜி.இ.90ஐ எடுத்தது, அதே சமயம் வேல்ஸில் இருந்த தன் என்ஜின் பராமரிப்பு ஷாப்பையும் ஜி.இ.க்கு விற்றது. பெரிய சர்ச்சை ஆனது. என்ஜின் தேர்வில் என்னென்ன கலக்கும் என்பதற்கு அதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரே சந்தையை மூன்று பேர் பங்கு போட்டதில் யாருக்குமே போட்ட பணம் வரவில்லை. புது என்ஜினுக்கு ஆகும் செலவு அந்த மாதிரி. எனவே 1999இல் 777-300ஈஆரைத் திட்டமிட்டபோது ஜி.இ. போயிங்கிடம் ஓர் ஒப்பந்தம் போட்டது: விமானத்தை உருவாக்கும் செலவில் நாங்களும் பங்கு போடுகிறோம், இதற்கு எங்கள் என்ஜின் மட்டும்தான். விமானக் கம்பெனிகள் முணுமுணுத்தன, அப்புறம் 800க்கு மேல் வாங்கின. என்ஜின் நன்றாக ஓடியது, அவ்வளவுதான் காரணம். ஏகபோகம் என்றாலே விற்காது என்று இல்லை.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான நேரடி பதில். ஏ350ஐத் திட்டமிட்டபோது ஏர்பஸ் ஜி.இ.யையும் கேட்டது. ஜி.இ.க்கு சின்ன ஏ350களுக்குத் தர மனமிருந்தது, 1000க்குத் தர மனமில்லை. ஏனென்றால் அது நேராக 777-300ஈஆரின் வயிற்றில் அடிக்கும், அதில் தனக்கே முழுச் சந்தை இருக்கும்போது ஏன் அடிப்பானேன்? ஏர்பஸ்ஸுக்கோ மொத்தக் குடும்பத்துக்கும் என்ஜின் தருபவர் வேண்டும். முடிவில் ரோல்ஸ் மட்டும் மிஞ்சியது. இப்போது புதிதாக ஒரு கம்பெனி உள்ளே வர வேண்டுமானால் என்ஜினை உருவாக்குவதோடு, இறக்கையில் தொங்கவிடும் பைலான், உறை, மின் இணைப்பு, மென்பொருள், சோதனைப் பறப்பு, சான்றிதழ் என்று எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக, அது எமிரேட்ஸாகவே இருந்தாலும், யாரும் இறங்கமாட்டார்கள்.

தேர்வு இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஏ380ஐப் பாருங்கள். அதற்கு இரண்டு என்ஜின்: ரோல்ஸின் ட்ரெண்ட் 900, ஜி.இ.யும் பிராட்டும் சேர்ந்து செய்த ஜிபி7200. எமிரேட்ஸ் முதல் 90 விமானத்துக்கு ஜிபி7200 எடுத்தது, 2015இல் அடுத்த 50க்கு ரோல்ஸுக்கு மாறியது, 920 கோடி டாலர் ஆர்டர். பின்னால் எரிபொருள் சொன்ன அளவுக்கு மிச்சமாகவில்லை என்று தகராறு. 2018 பிப்ரவரியில் எமிரேட்ஸ் இன்னும் 20 ஏ380 உறுதியாகவும் 16ஐப் பின்னால் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளும் உரிமையோடும் எடுத்தபோது ஏ380 பிழைத்தது என்று எல்லாரும் எழுதினார்கள். என்ஜின் பேச்சுவார்த்தை முடியவேயில்லை. ஒரு வருடம் கழித்து, 2019 பிப்ரவரியில், எமிரேட்ஸ் 39 ஏ380களை வெட்டியது, ஏர்பஸ் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஏ380ஐக் கொன்றது என்ஜின் தகராறு என்று சிலர் எழுதுவார்கள், அது மிகை. நான்கு என்ஜினுக்குக் காலம் முடிந்துவிட்டது, எமிரேட்ஸைத் தவிர வாங்க ஆளில்லை. ஏற்கெனவே படுத்திருந்த விமானத்துக்கு என்ஜின் பேச்சு முறிந்தது கடைசி அடி, அவ்வளவுதான்.

போயிங் 787இல் நடந்தது எனக்கு இன்னும் தெளிவான பாடம். அதற்கும் இரண்டு என்ஜின், ஜி.இ.யின் ஜெனெக்ஸ், ரோல்ஸின் ட்ரெண்ட் 1000. ட்ரெண்ட் 1000இல் டர்பைன் பிளேடுகள் கந்தக அரிப்பால் எதிர்பார்த்ததை விடச் சீக்கிரம் கெட்டன, அப்புறம் கம்ப்ரஸர் பிளேடுகளில் விரிசல். ஏர் நியூஸிலாந்துக்கு 2017 டிசம்பரில் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு சம்பவம். 2018இல் ஒரு குறிப்பிட்ட வகை ட்ரெண்ட் 1000க்கு, ஒரு என்ஜின் நின்றால் பக்கத்து விமான நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்ற வரம்பை 330 நிமிடத்திலிருந்து 140 நிமிடமாகக் குறைத்தார்கள். இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் விமானத்துக்கு அது பெரிதாகத் தெரியாது, வழி நெடுக ஊர் இருக்கிறது. ஆக்லாந்திலிருந்து பசிபிக்கைக் கடக்கிறவருக்கு அது வழியையே மாற்றிவிடும். இருக்கிற விமானத்தில் என்ஜினை மாற்றிக்கொள்ளலாமே? ஆரம்பத்தில் போயிங் அப்படித்தான் விளம்பரம் செய்தது, நடைமுறையில் யாரும் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் கோபத்தை அடுத்த ஆர்டரில் காட்டினார்கள். ஏர் நியூஸிலாந்து 2019இல் புது 787-10களுக்கு ஜி.இ. எடுத்தது. முதன்முதலில் 787 வாங்கியதே ட்ரெண்டோடுதான் என்ற பெருமை உள்ள ஜப்பானின் ஏஎன்ஏகூட 2020இல் புதிதாக வாங்குவதற்கு ஜி.இ. பக்கம் போனது. 2025இல் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு வாங்கிய 32 787-10களுக்கும் ஜெனெக்ஸ்தான். ரோல்ஸும் சும்மா இல்லை, நூறு கோடி பவுண்டு போட்டு ட்ரெண்ட் என்ஜின்களின் ஆயுளைக் கூட்டும் வேலை நடக்கிறது, ட்ரெண்ட் 1000க்குப் புது டர்பைன் பிளேடு 2025இல் சான்றிதழ் வாங்கிவிட்டது. ஆனால் கைவிட்டுப் போன வாடிக்கையாளர் அடுத்த விமானம் வாங்கும்போதுதான் திரும்புவார், அதற்குப் பதினைந்து வருடம் ஆகலாம்.

எல்லாவற்றையும் ஒரே என்ஜினில் கட்டிப்போட்டு என்ஜின்காரரே விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனி லாக்ஹீட் செய்த டிரைஸ்டார் விமானத்துக்கு ரோல்ஸின் ஆர்பி211 மட்டும்தான். அதை உருவாக்கும் செலவிலேயே ரோல்ஸ் 1971 பிப்ரவரியில் திவாலானது, பிரிட்டிஷ் அரசு எடுத்து நடத்த வேண்டி வந்தது, அமெரிக்க செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் லாக்ஹீடுக்குக் கடன் உத்தரவாதம் கிடைத்தது. அந்த இடைவெளியில் போட்டியாளரான டிசி-10 முந்திவிட்டது. டிரைஸ்டார் மொத்தம் 250தான் செய்தார்கள். விமானமாகப் பார்த்தால் அது காலத்தைத் தாண்டிய ஒன்று, அந்தக் காலத்தில் ஏர் லங்காவில் கொழும்பிலிருந்து போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் ஊர்க் கணக்கும் இதிலிருந்து விலகியதில்லை. ஏர் இந்தியா 2023இல் வாங்கியபோது ஏ350-1000 மட்டும் 34 எழுதியது, அதற்கு அதே 97,000 பவுண்டு என்ஜின் 68. 787-9க்கும் 777-9க்கும் ஜி.இ. அதாவது முட்டைகளைக் கொஞ்சம் பிரித்து வைத்தார்கள். பின்னால் 1000இல் ஒரு பகுதியை 900ஆக மாற்றினார்கள், காரணத்தை நான் ஊகிக்கப் போவதில்லை. இண்டிகோ 2024இல் நேராக ஏ350-900க்குப் போனது. சின்ன விமானங்களில் பிராட் என்ஜின் கோளாறால் எழுபதுக்கு மேல் விமானத்தை ஒரே சமயத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள், கோ ஃபர்ஸ்ட் அதே என்ஜினைக் கைகாட்டித்தான் 2023 மே மாதம் கடையைக் கட்டியது. நீண்ட தூர விமானத்தில் அவர்கள் இரண்டில் தேய்மானம் குறைந்த என்ஜின் உள்ளதை எடுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இன்னும் சில விஷயம் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஷாப் உள்ள கம்பெனிகள் என்ஜின் வாங்கும்போது அந்த என்ஜினைப் பழுது பார்க்கும் உரிமத்தையும் கேட்கும். டெல்டா 2014இல் ஏ350யும் ஏ330நியோவும் எடுத்த பிறகு ரோல்ஸ் என்ஜின் பார்க்கும் வேலை அவர்கள் அட்லாண்டா ஷாப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ரோல்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பராமரிப்புக் கம்பெனியும் சேர்ந்தே ஷாப் நடத்துகின்றன, அங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். வாடகைக்கு விடுபவர்களுக்கு வேறு கவலை, நாளைக்கு வேறொருவருக்கு விட முடியுமா என்று. அதிகம் பேர் வைத்திருக்கும் என்ஜின் உள்ள விமானம்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

777எக்ஸ் பக்கமும் நிம்மதி இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். அதற்கும் ஜி.இ.9எக்ஸ் என்ற ஒரே என்ஜின்தான். 2020இல் வர வேண்டிய விமானம் 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்த என்ஜின் துபாய் மணலில் எப்படித் தேயும் என்பது பயணிகளோடு ஐந்தாறு வருடம் ஓடிய பிறகுதான் தெரியும், அதற்கு முன் யார் சொன்னாலும் அது விற்பனைப் பேச்சு. எமிரேட்ஸ் 270 விமானத்தை அந்த ஒரே என்ஜின் மேல் கட்டியிருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

கடைசியாக, பயணியாகப் பயப்பட வேண்டுமா என்று கேட்டீர்களே. இதற்காகப் பயப்பட வேண்டாம். சீக்கிரம் தேய்கிறது என்றால் சீக்கிரம் கழற்றுகிறார்கள் என்று அர்த்தம், செலவு கம்பெனிக்கு, உங்களுக்கு அதிகபட்சம் விமானம் தாமதமாகும் அல்லது மாறும். 2024 செப்டம்பரில் ஹாங்காங்கிலிருந்து ஸூரிக் போன கேத்தே ஏ350-1000இல் எரிபொருள் குழாய் பழுதாகித் திரும்பியது உண்மை, அது இந்தத் தேய்மானப் பிரச்சினையோடு சேர்ந்தது இல்லை, தனி விஷயம். அன்றே அவர்கள் தங்கள் ஏ350 எல்லாவற்றையும் சோதிக்க ஆரம்பித்து, 15 விமானத்தில் குழாய் மாற்ற வேண்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். டிக்கெட் போட்டிருந்தால் தைரியமாகப் போங்கள். தூங்க வேண்டுமென்றால் இறக்கைக்கு முன்னால் சீட் எடுங்கள், சத்தம் குறைவு.